அப்பா ஆட்டின் முதுகில் கை வைத்த வருடம்

வைமோட்டு மேடு,
நவம்பர், ஞாயிறு காலை.

அன்புள்ள பிரைடி,

நானும் அப்பாவும் நாய்களும் சுகம். உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கின்றன என்றும், ஸ்காட்லாந்தில் அந்த இன்வர்னெஸ் ஓட்டல் சமையலறையில் உன்னை யாரும் அதட்டுவதில்லை என்றும், அதட்டினால் நீயும் திருப்பி அதட்டுகிறாய் என்றும் நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ, பைன் மரக் கம்பெனிக்கு அப்பா என்ன பதில் சொன்னார் என்று கேட்டபோது, எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்று சொன்னால் அவர் அங்கிருந்தே திருத்துவார், நான் திருத்தத்தைத் திருத்துவேன், அதற்குள் உன் காசெல்லாம் கரைந்துவிடும். இப்போது அவர் மேல்வேலி பார்க்கப் போயிருக்கிறார். தேநீர் போட்டு வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜனவரியில் நீ விமானம் ஏறும்போது உனக்குப் பாதிதான் தெரியும். இரண்டு வசந்தமாகக் குட்டி போடுகிற வாரத்தில் தெற்குத் துருவப் பக்கமிருந்து குளிர்மழை அடித்து, சரிவெல்லாம் குட்டிகள் செத்துக் கிடந்தன அல்லவா. அப்பா அவற்றைப் பொறுக்கி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவார், கை கழுவுவார், தேநீர் குடிப்பார். இரண்டாவது தடவைக்குப் பிறகுதான் ஹார்ட்னல் என்கிற அந்தக் கம்பெனிக்காரர் வந்தார். வீடும் ஆற்றங்கரைச் சமநிலமும் நமக்கு, மேடு முழுவதும் அவர்களுடைய பைன் மரத்துக்கு. மேடு போனால் ஆடும் போய்விடும், ஆடு போனால் அப்பா பால் லாரி ஓட்டப் போவார், இதுதான் ஏற்பாடு. 'இந்த மேடு ஆட்டுக்கு ஆகாது பிப். வானமே மாறிப்போச்சு. மரம்னா நனைஞ்சா சாகாது' என்று என்னிடம் சொன்னார். எனக்கு மனசே இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்தாயே, மரம் வந்தது, ஆட்கள் போனார்கள், பள்ளிக்கூட பஸ் நின்றது, சாயங்காலம் மூன்று மணிக்கே இருட்டு. ஆனால் செத்த குட்டிகளை அள்ளுவது நானில்லையே, அவர்தானே. அதனால் இன்னும் ஒரே ஒரு தடவை குட்டிகளைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று மட்டும் கெஞ்சினேன். குட்டிகளுக்கு வால் நறுக்கி எண்ணி முடித்ததும் பதில் சொல்வதாக ஹார்ட்னலிடம் கைகுலுக்கினார். கைகுலுக்கிய விதத்திலேயே பதில் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இந்தக் கதையில் அடுத்து வருவது சங்கம் என்று சொன்னால் நீ சிரிப்பாய். வெட்டுக்கூடத்துக்குப் போகிற ஒவ்வொரு தலைக்கும் செம்மறி, மாடு வளர்ப்போர் சங்கத்துக்கென்று கொஞ்சம் பிடிப்பார்களே, அந்தப் பிடித்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் உன் அப்பா சொல்வது உனக்கு மனப்பாடம்: 'நாலு பேரு வெலிங்டன்ல உக்காந்து காபி குடிக்க நம்ம ஆடு.' பக்கத்துப் பண்ணை டெஸ் எழுபது வயதிலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நம் மேசையை விடவில்லை, அவர் உடனே, 'காபி மட்டுமில்லடா, பிஸ்கட்டும்' என்பார். நீ போன கொஞ்ச நாளில் அந்தச் சங்கத்திலிருந்து மராமா என்கிற பெண் கூப்பிட்டாள். இந்தப் பக்கத்துப் பண்ணைகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கிறாள். 'உங்க கொட்டகைல வெளிச்சம் நல்லாயிருக்குன்னு சொன்னாங்க அக்கா. ஒரு நாள் குடுப்பீங்களா? ஆட்டோட உடம்பு எப்படி இருக்குன்னு கையால பாக்கறதுக்குப் பழக்கறோம். சுத்துவட்டாரத்துல எல்லாரையும் கூப்பிடறேன். மத்தியானச் சாப்பாடு எங்களோடது.' என்னைத் தெரியும் உனக்கு. வாசலில் கார் சத்தம் கேட்டால் புத்தகத்தோடு சாமான் அறைக்குள் போய் நின்றுகொள்கிறவள். அப்படிப்பட்டவள், அப்பாவைக் கேட்காமலே, சரி என்று சொன்னேன். ஏன் என்று அன்று எனக்கே விளங்கவில்லை. பிறகு யோசித்தால், இரண்டு வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும், எத்தனை குட்டி போனது என்றால், 'கொஞ்சம் போச்சு' என்றுதான் சொன்னார்கள். நாமும் அதையேதான் சொன்னோம். அந்த 'கொஞ்சம்' எனக்குத் தாங்க முடியாமல் போயிருந்தது.

அப்பா குதித்தார். 'ஊரே வந்து என் ஆட்டு முதுக தடவணுமா? எனக்குப் பாத்தாலே தெரியும். எங்கப்பா பைக்ல உக்காந்தபடியே ஒவ்வொண்ணையும் சொல்லிருவாரு.' உங்க அப்பா காலத்தில் பைக் ஏது, குதிரைதானே என்றேன். 'குதிரைலேர்ந்து இன்னும் நல்லாத் தெரியும்' என்றார். ஆனால் சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன், கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் குடும்ப ரத்தத்தில் கோபத்தை விட மானம் கெட்டி.

சொன்ன நாளில் எல்லாரும் வந்தார்கள். கோடை வெயில் கொளுத்தியது. பிக்கப் வண்டிகள் வரிசையாக நிற்க, பின்பக்கம் நின்ற நாய்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. சாப்பாடு அவர்களுடையது என்று சொல்லியும் நான் பன்றியிறைச்சியும் முட்டையும் வைத்த அப்பம் நான்கு சுட்டு வைத்திருந்தேன், நம் கொட்டகையில் வந்து யாரோ கொண்டுவந்த சாண்ட்விச்சைத் தின்றுவிட்டுப் போனார்கள் என்று பேச்சு வரக்கூடாது பார். மராமா குள்ளமாக, தோள் அகலமாக இருக்கிறாள். கம்பளி கத்தரிக்கிற குடும்பத்தில் பிறந்தவள், கொட்டகைக்குள் நுழைந்ததுமே எந்தப் பலகை ஆடுகிறது என்று காலால் தட்டிப் பார்த்தாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. கம்பளி விற்றால் கத்தரிக்கிற கூலிக்குக்கூடக் காணாது என்று நாம் இந்த வருடம் கத்தரிப்பைத் தள்ளிப்போட்டிருந்தோம், ஆடுகளெல்லாம் மெத்தை மாதிரி நின்றன. அப்பாவைத்தான் முதலில் அழைத்தாள். 'கேலம் அண்ணே, உங்க ஆட்ட உங்களவிட யாருக்குத் தெரியும். நல்லா இருக்கறதுக்கு நீலம், சுமாருக்கு மஞ்சள், மெலிஞ்சதுக்குச் சிவப்பு. பாத்துப் பூசுங்க.' அப்பா வரிசையோடு நடந்து, நின்று கூடப் பார்க்காமல், பெரும்பாலும் நீலத்தையே பூசினார். மற்றவர்களும் தலையாட்டினார்கள், நானும்தான்.

அதற்குப் பிறகு அவள் பையிலிருந்து ஒரு கட்டு பாத்திரம் துடைக்கும் துண்டு எடுத்தாள். எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். டெஸ், 'எனக்கு ஏற்கெனவே பாதிக் கண்ணு தெரியாது, தள்ளுபடி ஏதாவது உண்டா?' என்றார். 'உங்களுக்கு ரெண்டு துண்டு மாமா' என்றாள். டெஸ் விடவில்லை, 'இதுக்கெல்லாம் கடைசில காசு கேப்பீங்களோ?' அவள் சிரித்தபடியேதான் சொன்னாள்: 'நீங்கல்லாம் வருஷா வருஷம் குடுத்துக்கிட்டுதான் மாமா இருக்கீங்க. வாங்கிக்க வராததுதான் உங்க தப்பு.' பிறகு டெஸ்ஸே முதலில் சிரித்தார். வித்தை எளிதுதான். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற சிறு எலும்புகளை விரல்களால் தேட வேண்டும். உன் கையை முஷ்டியாக மடக்கி முட்டிகளைத் தடவிப் பார், அப்படிக் குத்தினால் மெலிவு, ஒன்றோ ஒன்றரையோ மதிப்பெண். விரித்து வைத்து விரல்கள் தொடங்குகிற இடத்தைத் தடவினால் இருக்கிற மாதிரி என்றால் மூன்று, அதுதான் வேண்டியது. எலும்பே தட்டுப்படாவிட்டால் ஐந்து, அந்த ஆட்டுக்கு உன்னைப் போலப் பட்டினி கிடக்கும் நாட்கள் கொஞ்சம் தேவை. (நீ காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஓட்டலில் வேலை செய்கிறவள் பசியோடு நிற்பது வெட்கக்கேடு.)

அப்பா மட்டும் கம்பளி பிரிக்கிற மேசையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'உங்க ஆடு, உங்க கொட்டகை, நீங்க மட்டும் வேடிக்கையா அண்ணே?' என்று மராமா கேட்டதும், என் எலுமிச்சைப் படம் போட்ட துண்டை என் தோளிலிருந்தே உருவிக் கட்டிக்கொண்டார். தட்டுத்தடுமாறிப் போய் ஓர் ஆட்டின் முதுகில் கை வைத்தார். 'ரெண்டு' என்றார். அடுத்ததற்கு நகர்ந்தார். கட்டைவிரல் கம்பளிக்குள் முழுக்கப் போய்விட்டது. 'ஒண்ணரை.' அடுத்தது. அங்கே கையை எடுத்துவிட்டுத் திரும்பி, கோபமாகவே கேட்டார், 'இது யாரோட ஆடு? இத யாரு இங்க கொண்டுவந்து விட்டது? பட்டினி போட்டு வச்சிருக்கான்.' டெஸ்தான் மெதுவாக, 'உன்னோடதுதான்டா' என்றார். அப்பா துண்டைக் கீழே இழுத்துப் பார்த்தார். முதுகில் அவரே பூசிய நீலம்.

நான் அப்போது அப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தேன், கத்தியைக் கீழே வைத்தேன். இப்போது வெளியே போய்விடுவார், பைக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார், என்னோடு ஒரு வருடம் பேச மாட்டார் என்றே நினைத்தேன். அவர் அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டை மறுபடி கண்ணுக்கு மேல் ஏற்றி, தானே முடிச்சை இறுக்கிக்கொண்டு, வரிசை முடியும் வரை போனார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மராமா பின்னாலேயே வந்து தானும் தொட்டுப் பார்த்தாள். ஒரே ஒன்றில் அவளுக்கும் அவருக்கும் வித்தியாசம் வந்தது, அவள் மறுபடி தடவிவிட்டு, 'நான்தான் தப்பு' என்றாள். 'அண்ணே, உங்க கண்ணு உங்கள ஏமாத்துது. கை ஏமாத்தல.' அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. 'இப்படி இருக்கறப்போ மழை அடிச்சா?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை அவர் இரண்டு வருடமாக யாரிடமும் கேட்கவில்லை. அவள் பாடம் நடத்துகிற குரலில் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். மெலிந்த தாய்க்குக் குட்டி சின்னது, பால் கம்மி, குட்டியின் உடம்பில் குளிருக்கு எரிக்கக் கொழுப்பில்லை, தாயும் பசியில் புல் தேடி நகர்ந்துவிடும். 'மழை எல்லாருக்கும்தான் பெய்யுது. முதல்ல போறது இதோட குட்டிதான்.'

அதன்பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிது. டெஸ் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், 'போன வருஷம் எனக்கு மூணுல ஒண்ணு போச்சு' என்றார். இத்தனை நாள் 'கொஞ்சம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் தன்னுடையதைச் சொன்னார். அதற்கு அடுத்தவர். ஒருத்தர் மனைவியிடம் கூட அதுவரை சொல்லவில்லையாம், மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், 'அடப்பாவி' என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சங்கம் கொண்டுவந்தது முதுகைத் தடவுகிற வித்தை மட்டுமல்ல. அந்த வித்தை ஏதாவது ஒரு புத்தகத்தில் எங்கள் எல்லார் வீட்டிலும் தூசி படிந்து கிடந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதை அவள் துண்டுகளோடு சேர்த்துப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள்.

எல்லாரும் போனதும் அடுத்த சண்டை. மெலிந்த ஆடுகளைப் பிரித்து, கிடா விடுவதற்கு முன் நல்ல புல்லில் மேய விட வேண்டும். நல்ல புல் எங்கே இருக்கிறது? ஆற்றங்கரையில். ஆற்றங்கரையில் யார் இருக்கிறார்கள்? அப்பாவின் காளைக் கன்றுகள். உன் தாத்தா காலத்திலிருந்து அது அப்படித்தான், மாடு கீழே, ஆடு மேலே, ஏன் என்று கேட்டால் 'மாடுன்னா கீழதான்' என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அப்பா ஆற்றங்கரை வேலிக் கதவருகே போய் நிற்பார், கன்றுகளைப் பார்ப்பார், திரும்பி வருவார். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். ஒரு நாள் காலை நாய்கள் குரைக்கிற சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தால், காளைகள் வரிசையாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் திரும்பித் திரும்பி, இது ஏதோ தவறுதலாக நடக்கிறது என்கிற முகத்தோடு. மெலிந்த ஆடுகள் கீழே ஆற்றங்கரைப் புல்லில் நின்றன. டெஸ் வேலி ஓரம் வண்டியை நிறுத்தி, 'ராஜாக்கள மலைக்குத் துரத்திட்டு வேலைக்காரிங்களுக்கு விருந்தாடா?' என்று கத்தினார். அப்பா திரும்பிப் பார்க்காமலே, 'யோவ், உன் வேலைக்காரிங்க எங்க நிக்கறாங்கன்னு போய்ப் பாரு' என்றார். மறு வாரம் டெஸ் வீட்டுக் காளைகளும் மேட்டில் நின்றன.

நடுவில் நடந்த கூத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. சங்கம் அந்தக் கூட்டத்தை அப்படியே ஒரு குழுவாக்கி, மாதத்துக்கு ஒரு கொட்டகை என்று சுற்றில் விட்டது. முதலில் மராமா வந்தாள், ஒரு தடவை கால்நடை மருத்துவரை அழைத்து வந்தாள், பிறகு அவள் வராமலே நாங்களாகக் கூடினோம். ஆனால் ஆண்களுக்கு விரல் பழகிவிட்டது. ரக்பி கிளப் விருந்தில் ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்கொடுக்கிற சாக்கில் முதுகெலும்பைத் தேடுகிறார்கள். டெஸ் பாதிரியாரைக் கட்டிப்பிடித்துவிட்டு, 'நாலரை, தவக்காலத்துல கொஞ்சம் கொறைக்கலாம்' என்றார். ஒரு நாள் நான் அடுப்பில் கிரேவி கிண்டிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பா பின்னால் வந்து இடுப்புக்கு மேல் கட்டைவிரலை வைத்து, தூக்கத்தில் சொல்வது போல, 'மூணேகால்' என்கிறார். கரண்டியாலேயே ஒன்று போட்டேன். நல்லதா கெட்டதா என்று கேட்டதற்கு, 'எந்தச் சந்தைக்குப் போனாலும் நீலம்தான்' என்றார். உனக்கு எழுதக்கூடாததுதான், எழுதிவிட்டேன். இந்த வீட்டில் இரண்டு வருடமாக இப்படி ஒரு பேச்சு இல்லை என்பதற்காக எழுதினேன்.

செப்டம்பரில், வசந்தம் பிறந்ததும், மறுபடியும் தெற்குக் காற்று வந்தது. குட்டி போடுகிற வாரம் பார்த்துத்தான் அதற்கு வரத் தெரியும். ஜன்னல் கண்ணாடியில் மழை பக்கவாட்டில் அடித்தது. அப்பா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, டிரெய்லரை நான்கு சக்கரப் பைக்கில் பூட்டிக்கொண்டு போனார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் பயம் வருகிறது என்று ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். அவர் திரும்பி வரும்போது டிரெய்லர் சத்தத்தைக் கேட்டேன், காலி டிரெய்லர் குதிக்கிற மாதிரிக் குதித்துக்கொண்டு வந்தது. கதவில் நின்றார். முகமெல்லாம் தண்ணீர். 'செத்திருக்கு பிப், இல்லைன்னு சொல்லல. ஆனா எந்திரிச்சு நிக்குதுங்க. தாய்ங்க நகரவே இல்ல. குட்டிங்க வயிறு ரொம்பி, முதுகுலேர்ந்து ஆவி வருது, ஆவி' என்றார். அந்த 'ஆவி'யைச் சொல்லும்போது கையை மேலே தூக்கிக் காட்டினார், சின்னப் பையன் மாதிரி. பிறகு ரொட்டி ஆறுவதற்குக்கூடப் பொறுக்காமல் பாதியைத் தின்றுவிட்டார். அன்று மத்தியானம் மராமா கூப்பிட்டாள். ஆடு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் என்று நினைத்து நான் ஆரம்பித்தேன். 'ஆட்டப் பத்தி அப்புறம் சொல்லுங்க அக்கா. நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா?' என்றாள். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுக்கும் அன்று அதே கேள்வி போயிருக்கிறது. காபி குடிக்கிற சங்கம் என்று இனி யாராவது நம் மேசையில் சொன்னால் அவர்களுக்கு இரண்டாவது அப்பம் கிடையாது.

வால் நறுக்குகிற அன்று வெயில் வந்துவிட்டது. ஊரே உதவிக்கு வந்தது. சூட்டுக்கத்தியின் வாடை, குட்டிகளின் கத்தல், எனக்குத் தலைவலி, ஆனாலும் சந்தோஷம். வால்களைக் குவித்து வைத்து எண்ணித்தானே எத்தனை குட்டி பிழைத்தது என்று பார்ப்போம், அந்த வேலையை டெஸ்ஸிடம் கொடுத்தது தப்பு. எண்ணுவார், நடுவில் யாருக்காவது ஒரு கதை சொல்வார், எண்ணிக்கை போய்விடும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அப்பா அவரைத் தள்ளிவிட்டுத் தானே குந்தி உட்கார்ந்து எண்ணினார். முந்தின இரண்டு வருடமும் குட்டிகள் தாய்களின் எண்ணிக்கையைக்கூடத் தொடவில்லை. இந்தத் தடவை நூறு தாய்க்கு நூற்று முப்பத்தைந்துக்கு மேலே. இந்த மேட்டில் உன் தாத்தா காலத்திலும் அப்படி வந்ததில்லை. அப்பா இரண்டாவது தடவை எண்ணினார். பிறகு எழுந்து நாய்களுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். நாய்களுக்கு ஏற்கெனவே தண்ணீர் வைத்தாயிற்று.

ஹார்ட்னல் மறு வாரமே வந்தார். பாவம், நல்ல மனுஷர், எனக்கென்று மறக்காமல் பழக்கேக் வாங்கி வந்திருந்தார், காலில் சுத்தமான பூட்ஸ். அப்பா தொழுவத்தில் பெட்டையாடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்ன கையோடு, 'சார், கண்ண மூடிக்கிட்டு இத ஒரு தடவ தொட்டுப் பாருங்க' என்றார். ஹார்ட்னல் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தார். 'மெத்தை மாதிரி இருக்கு.' 'அது கம்பளி சார். உள்ள அழுத்துங்க.' அழுத்தினார். 'எலும்பு இருக்கு. ஆனா குத்தல.' அப்பாவுக்கு அதைவிட என்ன வேண்டும். மேடு கொடுப்பதாக இல்லை என்று அங்கேயே சொன்னார். வருடா வருடம் மண் சரிகிற அந்தப் பின்பக்க ஓடைக்கரையில் மட்டும் நாமே மரம் நடப் போகிறோம், அதற்கு எந்த மரம், எங்கே என்று பார்த்துச் சொல்ல சங்கத்தில் ஆள் இருக்கிறது என்றும் சொன்னார். ஹார்ட்னல் கோபப்படவில்லை. நியாயமாகத்தான் கேட்டார், 'ஒரு வருஷம் நல்லாப் போச்சுன்னா எல்லா வருஷமும் போயிருமா கேலம்?' அப்பா சொன்னார்: 'போகாது சார். மறுபடி செத்தாலும் சாகும். ஆனா இனிமே ஏன் செத்துச்சுன்னு எனக்குத் தெரியும். அது தெரியாமத்தான் மேட்டையே உங்களுக்குக் குடுக்க இருந்தேன்.' ஹார்ட்னல் கேக்கை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். நல்ல கேக். டெஸ் முக்கால்வாசி தின்றுவிட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மேட்டை உனக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிடாதே. உன்னைத் திரும்ப இழுக்கிற நூல் எதையும் இந்தக் கடிதத்தில் நான் கட்டவில்லை. நீ அங்கேயே நிறைய நாள் இருக்கலாம், ஓட்டல் முதலாளி ஆகலாம், ஸ்காட்லாந்துக்காரனைக் கட்டிக்கொள்ளலாம், அவனுக்கு ஆட்டுக்கறியை ரத்தம் தெரிய வேகவைக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். இந்த மேட்டை உன் அப்பா தனக்காகவே திரும்ப வாங்கிக்கொண்டார். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதர் காலையில் எழுந்ததும் சட்டை மாட்டுவதற்குள் விசிலடிக்கிறார், அதை நான் சமையலறையிலிருந்து கேட்கிறேன், எனக்கு வேறு கிறிஸ்துமஸ் பரிசு வேண்டாம். வருகிற மாதக் கூட்டம் நம் கொட்டகையில், புதிதாக வருகிறவர்களுக்கு அப்பாதான் சொல்லிக்கொடுக்கப் போகிறார். மராமா கேட்டதும், எனக்குப் பேச வராது என்றார். பேச வேண்டாம் அண்ணே, துண்டை மட்டும் கட்டுங்கள் என்றாளாம்.

குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். ஈரத்தலையோடு வெளியே போகாதே, சம்பளம் வந்ததும் முதலில் நல்ல பூட்ஸ் வாங்கு, மலிவானது இரண்டு வாங்காதே. உன் கை நிறைய வேலையும், வயிறு நிறையச் சாப்பாடும், சிரிக்கப் பக்கத்தில் ஒரு ஆளும் எப்போதும் இருக்கட்டும், கண்ணு. கிறிஸ்துமஸ் அன்று கட்டாயம் போன் செய். ஒரே ஒரு எச்சரிக்கை: அப்பாவிடம் மரியாதைக்காகக் கூட 'ஆடெல்லாம் எப்படி இருக்கு' என்று கேட்டுவிடாதே. நிஜமாகவே நேரம் இருந்தால் மட்டும் கேள்.

முத்தங்களோடு,
அம்மா